கணினி கேபினெட்டில் சாளரமும் வண்ணமும்: எந்த வழி யாருக்குப் பொருந்தும்?

கணினியின் கேபினெட்டைத் தம் விருப்பப்படி மாற்றியமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் சிக்கி நிற்கிறார்கள். பக்கவாட்டுத் தகட்டில் சாளரம் வைக்க அக்ரிலிக் (கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்டிக் பலகை) நல்லதா, டெம்பர்டு கண்ணாடி (சூடேற்றிப் பதப்படுத்திய கண்ணாடி) நல்லதா என்பது ஒன்று. கேபினெட்டின் உடலுக்கு ஸ்பிரே பெயின்ட் போதுமா, பவுடர் கோட்டிங்குக்கே (தூளை உருக்கிப் படியவைக்கும் பூச்சு) போய்விடலாமா என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியாக முடிவு செய்வதால்தான் பலருடைய வேலை பாதியில் நின்றுபோகிறது. தகட்டை வெட்டினால் வெட்டிய விளிம்புக்குப் பூச்சு தேவைப்படும். எந்தப் பூச்சு என்பதைப் பொறுத்தே எப்போது வெட்டுவது, எந்தெந்தப் பாகங்களைக் கழற்றுவது என்பதெல்லாம் அமையும். ஆகவே இரண்டையும் ஒரே முடிவாகவே எடுக்க வேண்டும் என்பதும், அந்த முடிவில் அழகைவிட முன்னே நிற்க வேண்டியது, செய்த வேலையைப் பின்னால் எந்த அளவுக்குத் திருத்தவோ பழைய நிலைக்குக் கொண்டுவரவோ முடியும் என்ற கேள்வி என்பதும் என் உறுதியான கருத்து.

## எவற்றை வைத்து எடைபோடுவது

மேற்சொன்ன கேள்வியே முதல் அளவுகோல். வெட்டிய இரும்புத் தகடு மீண்டும் சேராது. ஆனால் வெட்டாமல் எடுத்து வைத்த பழைய தகட்டை எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். அடுத்தது கருவியும் இடமும்: ஜிக்சா (மேலும் கீழும் ஓடும் பிளேடுள்ள மின்வாள்), டிரில், அரம் ஆகியவை கைவசம் உள்ளனவா, பெயின்ட் தெளிக்கக் காற்றோட்டமும் தூசியின்மையும் ஒருசேர அமைந்த இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அது எப்படி இருக்கும் என்பது. முடித்த அன்று எல்லா வேலைப்பாடும் பளபளப்பாகத்தான் இருக்கும். கீறல், மஞ்சளிப்பு, விளிம்பு உரிதல் எல்லாம் பிறகுதான் வெளிப்படும். நான்காவது, கணினி என்ற இயந்திரத்துக்கு அதனால் வரும் விளைவுகள், அதாவது காற்றோட்டம், அதிர்வு, மின் இணைப்பின் பாதுகாப்பு. செலவைக் கடைசியாகச் சொல்வதற்குக் காரணம், அதை யாரும் மறப்பதில்லை என்பதே. மறப்பது மறைமுகச் செலவுகளைத்தான். அவற்றை ஒவ்வொரு வழியோடும் சேர்த்துச் சொல்கிறேன்.

## சாளரம்: எந்தப் பொருள்

அக்ரிலிக், கண்ணாடி இரண்டோடு, அடி தாங்கும் இன்னொரு தெளிந்த பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டையும் சேர்த்தே ஒப்பிடுகிறேன். 450 மி.மீ. நீளமும் 400 மி.மீ. உயரமும் உள்ள ஒரு பக்கத்தை முழுவதுமாக மூடுவதாகக் கொண்டு கீழுள்ள எடைகளைக் கணக்கிட்டிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க, அதே அளவுள்ள 0.8 மி.மீ. இரும்புத் தகட்டின் எடை ஏறத்தாழ 1.1 கிலோ.

| | அக்ரிலிக் (3 மி.மீ.) | பாலிகார்பனேட் (3 மி.மீ.) | டெம்பர்டு கண்ணாடி (4 மி.மீ.) |
|---|---|---|---|
| எடை | சுமார் 0.64 கிலோ | சுமார் 0.65 கிலோ | சுமார் 1.8 கிலோ |
| தெளிவு | மிக நன்று | நன்று | மிக நன்று |
| கீறல் | எளிதில் விழும். பாலிஷ் செய்து ஓரளவு நீக்கலாம் | அதைவிட எளிதில் விழும். நீக்குவது கடினம் | அரிது |
| அடி தாங்குதல் | விரிசல் விடும் | மிக நன்றாகத் தாங்கும் | பரப்பில் தாங்கும். விளிம்பில் பட்டால் முழுதும் நொறுங்கும் |
| வீட்டில் வெட்டுதல், துளையிடுதல் | முடியும். நிதானம் வேண்டும் | எளிது | முடியவே முடியாது |
| வெயில் | மஞ்சளாவது குறைவு | புற ஊதாப் பாதுகாப்பு இல்லாவிட்டால் மஞ்சளாகும் | மாற்றமில்லை |

அட்டவணையில் அடங்காத சில செய்திகள் உண்டு. அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் நிலைமின்னேற்றம் ஏறி, துடைத்த தூசியே திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். ஈரமான மைக்ரோஃபைபர் துணியே அதற்கு ஏற்றது. கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த திரவத்தையோ ஆல்கஹாலையோ அதன்மேல் பயன்படுத்தினால் நுண்ணிய வெடிப்புகள் வலைபோலப் படர்ந்து, பார்வைக்குப் புகைமூட்டமாகிவிடும். அதற்குப் பிறகு அந்தச் சாளரத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வெப்பத்தில் விரிவடைவதும் கணக்கில் வர வேண்டும். 400 மி.மீ. நீளமுள்ள அக்ரிலிக், 30 டிகிரி செல்சியஸ் சூடேறும்போது ஏறத்தாழ 0.8 மி.மீ. நீள்கிறது, அதே நீள இரும்பு நீள்வதோ 0.15 மி.மீ. அளவுக்குத்தான். இந்த வேறுபாட்டுக்கு இடம் விடாமல் அக்ரிலிக்கில் துல்லியமான துளையிட்டு ஸ்குரூவை இறுக்கிவிட்டால், சில மாதங்களில் துளையைச் சுற்றி நட்சத்திர வடிவில் விரிசல் தோன்றும். துளையை ஸ்குரூவைவிட ஒன்றிரண்டு மி.மீ. பெரிதாக இட்டு, ரப்பர் வாஷர் வைத்து, மிதமாக முறுக்கினால் இந்தச் சிக்கல் வராது.

டெம்பர்டு கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளையிடவோ இயலாது. அளவும் துளைகளும் முன்கூட்டியே முடிவாகி, அதன்படி வெட்டித் துளையிட்ட பிறகே அது உலைக்குள் போகிறது. இரண்டு மி.மீ. தவறாக அளந்திருந்தாலும் அந்தக் கண்ணாடி பயன்படாது. பீங்கான் டைல்ஸ் தரை இன்னொரு ஆபத்து. கழற்றிய கண்ணாடிப் பக்கத்தை அதன் விளிம்பு தரையில் படும்படி நிறுத்தி வைத்தால், டைல்ஸின் கடினமான மேற்பரப்பு விளிம்பில் ஏற்படுத்தும் ஒரு சிறு காயமே போதும், முழுப் பலகையும் ஒரே நொடியில் சிறு சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். தரையில் துணி விரித்துப் படுக்கவைப்பதே பாதுகாப்பு.

## சாளரம்: எந்த முறை

### இருக்கும் தகட்டை வெட்டிப் பொருத்துதல்

இதுதான் பழைய முறை. தேர்ந்த கைவேலைக்கு இன்றும் இதுவே அழகு. சாளரத்தின் வடிவத்தை நாமே தீர்மானிக்கலாம். தகட்டின் கொக்கிகளும் மடிப்புகளும் அப்படியே இருப்பதால் கேபினெட்டின் உறுதி குறையாது. ஏடிஎக்ஸ் என்ற பொதுவான வகை மதர்போர்டின் அளவு 305 × 244 மி.மீ. என்பதால், அதைச் சுற்றிச் சற்றே இடம் விட்டு வரைந்தால், பார்க்க வேண்டியவை தெரியும். எஸ்எம்பிஎஸ்ஸும் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) அதைச் சுற்றியுள்ள கேபிள் குவியலும் மறைந்திருக்கும்.

வெட்டும் வேலையில் மூலைகளே சோதனை. தகடு முழுவதும் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு வரைந்து, நான்கு மூலைகளிலும் ஜிக்சா பிளேடு நுழையுமளவு துளையிட்டு, அங்கிருந்து நேர்கோடுகளாக வெட்ட வேண்டும். உலோகத்துக்கான, அங்குலத்துக்கு 24 அல்லது அதற்கு மேற்பட்ட பற்கள் கொண்ட பிளேடையே பயன்படுத்த வேண்டும். பற்கள் பெரிதாக இருந்தால் மெல்லிய தகடு பிளேடோடு சேர்ந்து துள்ளி, விளிம்பு நெளிந்துவிடும். தகட்டுக்குக் கீழே ஒரு பலகையை வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் அதிர்வு வெகுவாகக் குறையும். மூலையைக் கூர்மையான செங்கோணமாக விடாமல் 20 முதல் 25 மி.மீ. ஆரத்தில் வளைத்துவிடுங்கள் என்பேன். விளிம்பை மூடும் ரப்பர் பீடிங், வளைவில் மடங்காமல் ஓடும். கூர்மூலையில் அதை அடிப்பக்கம் வெட்டி மடக்க வேண்டியிருக்கும், அந்த மடிப்பு என்றும் கண்ணை உறுத்தும்.

இம்முறையின் மறைமுகச் செலவுகள் மூன்று. வெட்டிய விளிம்பில் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால், பீடிங்கால் மறைத்தாலும் உள்ளே துருப்பிடிக்கும்; அங்கே பிரைமர் (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) பூசியாக வேண்டும். ஜிக்சாவின் அடித்தட்டு உரசுவதால் சுற்றியுள்ள பெயின்ட்டில் கீறல் விழக்கூடும்; மாஸ்கிங் டேப் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. சாளரப் பலகை உட்புறமாக ஒட்டப்படுவதால் உள்ளே சில மி.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிபியு கூலர் தகட்டை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டிருந்தாலோ, தகடு விளிம்புத் தடத்தில் வழுக்கிச் செருகும் வகையாக இருந்தாலோ, அந்தச் சில மி.மீ. காரணமாகவே கேபினெட்டை மூட முடியாமல் போகலாம். வெட்டுவதற்கு முன் அளந்துவிட வேண்டும். பக்கத் தகட்டில் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காற்று தரும் துளைகள் இருந்து, சாளரம் அவற்றை மூடுமானால், அந்த வடிவத்தையே கைவிட்டுவிடலாம்.

### தகடு முழுவதையும் அக்ரிலிக்காக மாற்றுதல்

பழைய தகட்டை அலமாரியில் பத்திரப்படுத்திவிட்டு, அதே அளவில் ஓர் அக்ரிலிக் பலகையை வெட்டி, கேபினெட்டின் சட்டத்தில் நான்கு மூலைகளிலும் ஸ்குரூவோ காந்தமோ வைத்துப் பொருத்துவது இந்த முறை. முதன்முறையாக இவ்வேலையில் இறங்குபவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இதையே. பலகை உடைந்தால் இன்னொன்று. மனம் மாறினால் பழைய தகடு. ஒரே குறை, இரும்புத் தகட்டின் மடித்த விளிம்பு தந்த விறைப்பு இதில் இல்லை என்பதே. 3 மி.மீ. பலகை பெரிய கேபினெட்டில் நடுவில் லேசாக வளைந்து, ஃபேனும் ஹார்ட் டிஸ்க்கும் சுழலும்போது மெல்ல அதிரும். 4 அல்லது 5 மி.மீ. பலகையைத் தேர்ந்து, தொடும் இடங்களில் மெல்லிய ஸ்பாஞ்ச் டேப் ஒட்டினால் அது அடங்கும்.

### கண்ணாடிப் பக்கத்தோடு வரும் கேபினெட்டை வாங்குதல்

உள்ளே இருப்பது தெரிய வேண்டும் என்பது மட்டுமே நோக்கமானால், இதுவே சரியான விடை. கருவி வாங்கும் செலவையும் இரண்டு மூன்று வார இறுதிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் வெட்டி மாற்றுவது மலிவானது என்று சொல்ல முடியாது. ஆயினும் முகப்பும் கண்ணாடியாக உள்ள கேபினெட்டுகளில் காற்று உள்ளே வரும் இடைவெளி குறுகலாக இருக்கிறதா என்பதை வாங்குமுன் பார்க்க வேண்டும். மாற்றியமைப்பது, இருக்கும் கேபினெட்டின் மேல் பற்று உள்ளவருக்கும், கடையில் கிடைக்காத ஒரு வடிவத்தை மனத்தில் வைத்திருப்பவருக்கும் உரியது.

## வண்ணம்

### ஸ்பிரே பெயின்ட்

கைச்செலவு குறைவு, வண்ணங்கள் ஏராளம், பழுதானால் அந்த இடத்தைத் தேய்த்து மறுபடி அடிக்கலாம். இரும்பு, ஏபிஎஸ் பிளாஸ்டிக் இரண்டிலும் ஒரே வண்ணத்தைக் கொண்டுவர முடிவது இதன் பெரிய பலம். பிளாஸ்டிக்குக்கு அதற்கான பிரைமரை முதலில் அடிக்க வேண்டும் என்பது மட்டுமே வேறுபாடு.

ஆனால் இதில் பெயின்ட் அடிப்பது வேலையின் சிறு பகுதிதான். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, 320 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, பிரைமர் அடித்து, அதை 600 எண்ணால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பிறகு வண்ணத்தை மெல்லிய படலங்களாக, ஒவ்வொன்றுக்கும் இடையே பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடித்து, கடைசியில் கிளியர் கோட் (நிறமற்ற மேற்பூச்சு) போட வேண்டும். டப்பாவை 20 முதல் 30 செ.மீ. தொலைவில் பிடித்து, தகட்டுக்கு வெளியே தெளிக்கத் தொடங்கி வெளியே போய் நிறுத்த வேண்டும். தகட்டின் மேலேயே பொத்தானை அழுத்தினாலோ விட்டாலோ அங்கே பெயின்ட் தேங்கி வழியும். தொலைவு கூடினால் துளிகள் பாதி உலர்ந்து விழுந்து, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பாகும். ஈரப்பதம் மிகுந்த நாளில் லாக்கர் வகை பெயின்ட் வெண்மையாகப் பூத்துவிடும். அத்தகைய நாளில் டப்பாவைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கேபினெட்டின் உட்புறத்தில், பெயின்ட் இல்லாமல் சாம்பல் நிறத்தில் தெரிவது பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு. எண்ணெய் சார்ந்த சாதாரண எனாமலை அதன்மேல் நேரடியாகப் பூசினால், பிசின் துத்தநாகத்தோடு வினைபுரிந்து இடையில் சோப்புத் தன்மையுள்ள ஒரு படலம் உருவாகி, நாளடைவில் பெயின்ட் பாளம் பாளமாக உரியும். உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் என்ற வகையை முதலில் அடிப்பதே இதற்கான தீர்வு. உள்ளேயும் வண்ணம் மாற்ற நினைத்துப் பலர் ஏமாற்றமடைவது இந்த இடத்தில்தான்.

மறைமுகச் செலவு, காலம். இரண்டே நாளில் தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும். நகத்தால் அழுத்தினால் தடம் பதியும். முழுமையாக இறுக ஒரு வாரத்திலிருந்து சில வாரங்கள் வரை ஆகும். அதுவரை கணினி இல்லாமல் இருக்க முடியுமா என்பதை முன்பே யோசிக்க வேண்டும்.

### பவுடர் கோட்டிங்

மின்னேற்றிய தூளைத் தெளித்து, 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடுள்ள அடுப்பில் வைத்து உருக்கிப் படியவைக்கும் முறை இது. படலத்தின் தடிமன் வழக்கமாக 60 முதல் 120 மைக்ரான் வரை இருக்கும். உறுதியில் டப்பா பெயின்ட் இதன் அருகில் வராது; ஸ்குரூ டிரைவர் தவறி உரசினாலும் பொதுவாகத் தாங்கும். ஆனால் பிடிக்காவிட்டால் நீக்குவதற்கு இரசாயனமோ மணல்வீச்சோ வேண்டும். எனவே, திருத்தும் வாய்ப்பு என்ற அளவுகோலில் இதுவே கடைசி.

அடுப்புச் சூட்டில் ஏபிஎஸ் முகப்பு உருகிவிடும். பிளாஸ்டிக், ரப்பர் அனைத்தையும் கழற்றிவிட்டுத்தான் உலோகத்தைக் கொடுக்க முடியும். அப்படியானால் முகப்புக்கு ஸ்பிரே பெயின்ட், உடலுக்குப் பவுடர் என்று இரண்டு வேலைகள். இரண்டின் வண்ணமும் மினுக்கமும் ஒத்துப்போவது அரிது. முகப்பைக் கறுப்பாகவே விட்டுவிட்டு உடலை மட்டும் மாற்றும் வடிவத்தைத் திட்டமிடுவதே சிறந்தது.

சட்டத்தைப் பிரிக்காமல் முழுக் கூடாகக் கொடுத்தால் உள்மூலைகளில் தூள் ஏறாது; மின்புலம் மூலைக்குள் நுழையாமல் விளிம்புகளிலேயே நின்றுவிடுவதால் அங்கே படலம் மெலிந்து அடித்தளம் தெரியும். எனவே ரிவெட்டுகளை, பெரும்பாலும் 3.2 மி.மீ. அளவுள்ளவற்றை, டிரில்லால் எடுத்துத் தகடுகளைப் பிரித்து, பூசிய பின் புதிய ரிவெட் அடிக்க வேண்டும். மரையுள்ள துளைகளைச் சிலிக்கோன் அடைப்பால் மூடச் சொல்ல வேண்டும். 6-32, எம்3 (கேபினெட் ஸ்குரூக்களின் வழக்கமான அளவுகள்) போன்ற நுண்ணிய மரைகளில் பவுடர் நிரம்பினால் ஸ்குரூ ஏறாது, வலிந்து முறுக்கினால் மரை அழியும்.

மின் பாதுகாப்பை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கேபினெட்டின் உடலுக்கு எர்த் கிடைப்பது, எஸ்எம்பிஎஸ்ஸின் உலோக உறை பின்பக்கத் தகட்டைத் தொடுவதாலும் அதன் ஸ்குரூக்களாலும்தான். பவுடர் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. தொடும் இடம் முழுவதும் பூசப்பட்டால், உடல் எர்த் இல்லாமல் போகலாம். எஸ்எம்பிஎஸ் அமரும் பரப்பையும் மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள் ஏறும் துளைகளையும் பூசாமல் விடச் செய்து, எல்லாம் முடிந்தபின் எஸ்எம்பிஎஸ் உறைக்கும் கேபினெட்டுக்கும் இடையே மல்ட்டிமீட்டரால் தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஸ்பிரே பெயின்ட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். படலம் மெலிது என்பதால் அங்கே சுரண்டிவிடுவது எளிது.

### கார் பெயின்ட்

கடினமாக்கி கலந்து அடிக்கும் இருகூறு கார் பெயின்ட், மினுக்கத்தில் எல்லாவற்றையும் விஞ்சும். ஆனால் அந்தக் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் நுண்துளிகளைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரக்கூடும். சாதாரண முகக்கவசம் அதற்குப் போதாது. வீட்டில் வேண்டாம், பட்டறையில் கொடுத்து அடிக்கலாம்.

### வினைல்

பசையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தகட்டின் மேல் ஒட்டுவது இது. வண்ண வழிகளில் முழுதும் நீக்கக்கூடியது இது ஒன்றே. தட்டையான தகட்டில் ஒரே மாலையில் முடிந்துவிடும். அச்சிட்ட படங்களையும் ஒட்டலாம். காற்றுத் துளைகள், வலைத் தகடு, ஆழமான வளைவு ஆகியவற்றில் இது உதவாது. காஸ்ட் வகை வினைல் வளைவில் படிந்து நிற்கும். காலண்டர்டு வகை மலிவு, ஆனால் நாளடைவில் சுருங்கி விளிம்பில் பசை தெரியும். புதிதாக அடித்த பெயின்ட்டின் மேல் ஒட்டினால், உரிக்கும்போது பெயின்ட்டும் கூடவே வரும்.

## யார் எதைத் தேர்ந்தெடுக்கலாம்

வாடகை வீட்டில் ஓர் அறையில் இருப்பவர், கணினியை இரண்டு நாளுக்கு மேல் நிறுத்திவைக்க முடியாதவர், முதன்முறை முயல்பவர் ஆகியோருக்கு முழு அக்ரிலிக் பக்கமும் வினைலும் பொருந்தும். எந்த இடத்திலும் திரும்பிவர முடியும். மொட்டைமாடியோ திறந்த கொட்டகையோ உள்ளவர், தேய்ப்பதில் சலிக்காதவர், பழைய கேபினெட் ஒன்றைக் கையில் வைத்திருப்பவர் ஆகியோருக்குத் தகட்டை வெட்டி ஸ்பிரே பெயின்ட் அடிப்பதைப் போல மனநிறைவு தரும் வேலை வேறில்லை. குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ ஓடித்திரியும் இடத்தில் கணினி தரையில் இருக்குமானால், கீறலைப் பொறுத்துக்கொண்டு பாலிகார்பனேட்டைத் தேர்ந்தெடுங்கள். பயன்படுத்துமிடத்தில் நேரடி வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். அடிக்கடி தூக்கிச் செல்லப்படும் கணினிக்குக் கண்ணாடி எந்த வகையிலும் ஏற்றதன்று. அதற்குப் பவுடர் கோட்டிங் மிக ஏற்றது. அசையாமல் மேசை மேல் இருக்கப்போகும், பத்தாண்டு வைத்திருக்க நினைக்கும் கேபினெட்டுக்குப் பவுடரும் கண்ணாடியும் சேர்ந்து செலவுக்குத் தகுந்த பலனைத் தரும்.

## வேலையின் வரிசை

எந்த வழியானாலும் முதலில் மதர்போர்டு, ஃபேன், ஹார்ட் டிஸ்க் என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டே கேபினெட்டில் கை வைக்க வேண்டும். வெட்டும்போது பறக்கும் இரும்புத் துகள் ஒன்று மதர்போர்டின் இரு முனைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தாலும் ஷார்ட் ஆகிவிடும். முதலில் வெட்டுதலும் துளையிடுதலும். பிறகு அரத்தால் பிசிறு நீக்கி, தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி உலர்த்துதல். அடுத்து பிரைமரும் வண்ணமும். அது முழுமையாக இறுகிய பின் ரப்பர் பீடிங். எல்லாவற்றுக்கும் கடைசியில் சாளரப் பலகை. அக்ரிலிக்கின் இருபுறமும் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை வெட்டி முடிக்கும்வரை உரிக்காதீர்கள்; உட்புறத் தாளைப் பொருத்துவதற்குச் சற்று முன்னும், வெளிப்புறத் தாளைக் கணினியை மேசையில் வைத்து எல்லா ஸ்குரூவையும் முடுக்கிய பின்னும் எடுக்கலாம். மூடிய கேபினெட்டில் முதல் சில நாட்கள் பெயின்ட் வாடை வந்தால், அது இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதுவரை பக்கத் தகட்டின் மேல் எதையும் சாய்த்து வைக்க வேண்டாம்.